பழைய மருத்துவ வளாகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மருத்துவ அறிவியல் கல்லூரியின் கட்டடக் குழுவில் ஆசிரியர் பிரதிநிதியாக இருக்கிறேன். எங்கள் வளாகத்தில் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய நான்கு தளக் கட்டடம் ஒன்று உள்ளது. உள்நோயாளிகள் வார்டாகத் தொடங்கிப் பின்னர் அலுவலகங்களாக மாறிய அதன் மேல் இரண்டு தளங்கள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன. தரைத்தளத்தின் ஒரு பாதியில் புறநோயாளிப் பிரிவு இயங்குகிறது, அதை மூட இயலாது. மறுபாதி கிடங்காக உள்ளது.

செவிலியர் படிப்பிலும் இயன்முறை மருத்துவப் படிப்பிலும் இடங்களைக் கூட்டவிருப்பதால், மேல்தளங்களில் செயல்முறைப் பயிற்சிக் கூடம், உடற்பயிற்சிச் சிகிச்சைக் கூடம், நூலகம் ஆகியவற்றை அமைக்க வரைபடம் தயாராகிவிட்டது. ஆனால் மூன்றாம் தளத்தில் ஓர் உத்தரத்தின் அடிப்பக்கம் காங்கிரீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி ஒரு முழ நீளத்துக்கு வெளியே தெரிகிறது. பூசிவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார் மற்றொருவர். இரண்டில் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர்)

பூசி மறைக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் அந்த உத்தரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதியில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள்.

புதிய காங்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிட்டால், ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைப்பதால், காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. மேலே பூசினால் உள்ளே நடப்பது நிற்காது. சில காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். காங்கிரீட்டைப் புதிதாகச் சிறிது உடைத்து, அந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமுள்ள இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்த இடம் நிறம் மாறாது. நான் ஆய்வு செய்த ஒரு பழைய விடுதியில், வெளி விளிம்பிலிருந்து கம்பியைத் தாண்டியும் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நிறமே வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் தூணில் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே பழுது தெரியும் உத்தரத்தோடு நிறுத்தாமல், தூண்கள், தளங்கள், குளியலறைச் சுவர்களை ஒட்டிய பகுதிகள் என எல்லாவற்றிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை வடிவ காங்கிரீட் மாதிரி) எடுத்து வலிமையையும் அளக்க வேண்டும். அடித்தளமும் தூண்களும் நலமாக இருந்து, சேதம் சில உத்தரங்களோடு நின்றால், இடிக்கத் தேவையில்லை.

இன்னொன்று, நூலகம் மேல்தளத்தில் வேண்டாம். வார்டுகளை வழக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமைக்கே வடிவமைப்பார்கள். நெருக்கமான புத்தக அடுக்குகளுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தேவைப்படும். தரைத்தளத்துக் கிடங்கின் தரை மண்ணின்மேல் நேரடியாக அமைந்திருந்தால், புத்தகங்களுக்கு அதுவே இடம்.

பதில் 2 (தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்)

புறநோயாளிப் பிரிவு கீழே இயங்கும்போது மேலே உடைக்கப் போகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. பழைய கூரைகளுக்கு மேல் படிந்த தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நுண்வித்துகள் இருக்கும். உடல்நலமுள்ளவர்களை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவருக்கோ உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்கோ அவற்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பணியிடத்தைத் தரையிலிருந்து கூரைவரை இடைவெளியின்றி அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, வெளியேற்றும் காற்றை நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியே அனுப்ப வேண்டும். இடிபாடுகளை நோயாளிகள் நடக்கும் வழியாகவோ அவர்கள் பயன்படுத்தும் மின்தூக்கியிலோ இறக்கக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் தளங்களின் தண்ணீர்க் குழாய்களையும் மறந்துவிடாதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில், கடும் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லீஜியோனெல்லா கிருமி பெருகும். வால்வை மூடிவைத்தால் போதாது, பயன்படாத கிளைக் குழாயை முதன்மைக் குழாயின் இணைப்பிலேயே வெட்டி அடைக்க வேண்டும். அந்தக் காலக் கட்டடம் என்பதால், குழாய்களின் மேலுறையிலும் தரை ஓடுகளிலும், மூச்சில் கலந்தால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே எதையும் உடையுங்கள்.

பதில் 3 (செயல்முறைப் பயிற்சிக் கூடப் பொறுப்பாசிரியர்)

வரைபடத்தில் நீள அகலம் மட்டுமே பார்த்திருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன், நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்கள் பழைய வார்டில் தளத்திலிருந்து தளத்துக்கு 3.2 மீட்டர் இருந்தது. உத்தரம் 45 செ.மீ. கீழிறங்கியது. அதன் கீழ் காற்றுக் குழாய் 40 செ.மீ. எடுத்துக்கொண்டது. விளக்குகளும் பொய்க்கூரையும் சேர்ந்தபின் மிஞ்சியது 2.25 மீட்டர். சலைன் தாங்கியை முழுவதுமாக உயர்த்தினால் கூரையைத் தொட்டது. நடக்க இயலாதவரைத் தூக்கிப் பயிற்சி தரும் கூரைத் தண்டவாளத்தைப் பொருத்தவும் இடமில்லாமல் போயிற்று. ஆகவே உத்தரத்தின் அடியிலிருந்து அளந்து பார்த்து, உயரம் வேண்டிய கூடங்களை உயரம் உள்ள இடத்துக்கே மாற்றுங்கள். அந்தத் தண்டவாளத்தின் சுமை மேல்தளத்தில் தொங்கும் என்பதைப் பொறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மின்தூக்கியில் கட்டில் வண்டி நீளவாட்டில் நுழைகிறதா என்பதையும் உருட்டிச் சென்றே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, அந்தத் தாழ்வாரத்தை அடைத்துவிட்டோம். சோதனை முடிவு வரும்வரை வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதில்லை என்று குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது. நூலகத்தைக் கிடங்குக்கு மாற்றும் யோசனையை நூலகரே வரவேற்றார். உத்தரத்தின் அடியிலிருந்து நானே அளந்தேன், இரண்டாம் தளத்தில் 2.8 மீட்டர், நான்காம் தளத்தில் 3.4 மீட்டர். இயன்முறைக் கூடத்தை மேலே கொண்டுபோனால் மின்தூக்கியைத்தான் நம்பியிருக்க வேண்டும். அதன் உட்புற நீளத்தை நாளை அளந்து இங்கே எழுதுகிறேன்.