உரையில் தேடி மாற்றும் பிளாக்: என்ன பெயர், முதல் இடம் மட்டுமா, எல்லா இடமுமா?

கேள்வி
பிளாக்குகளை இழுத்துக் கோத்து நிரல் எழுதும் கருவி ஒன்றில், உரையில் தேடி மாற்றும் பிளாக் சேர்க்க வேண்டும். உள்ளீடு மூன்று: உரை, தேடுவது, பதிலுக்கு வைப்பது. உள்ளே ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். அதன் ரீப்ளேஸ் ஃபங்ஷன், தேடுவது வெறும் சரமாக (எழுத்துத் தொடராக) இருந்தால் முதல் இடத்தை மட்டும்தான் மாற்றுகிறது. "1-2-3" என்பதில் கோடுகளை நீக்கப் போனால் "12-3" வருகிறது. இதை அப்படியே விடலாமா? ‘மாற்று’ என்ற பெயர் போதுமா?

பதில் 1
விடாதீர்கள். பைத்தான், சி ஷார்ப் மொழிகள், பிளாக் கருவியான ஆப் இன்வென்ட்டர், முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் ரீப்ளேஸ் ஸ்ட்ரிங் நோடு எல்லாமே எல்லா இடங்களையும் மாற்றுகின்றன. வயர்களால் இணைத்து நிரல் எழுதும் லேப்வியூ வேறு வழி: அதன் சர்ச் அண்ட் ரீப்ளேஸ் ஸ்ட்ரிங்கில் ‘ரீப்ளேஸ் ஆல்?’ முனைக்கு வயர் தராவிட்டால் முதல் இடம் மட்டுமே மாறும். வயர் இல்லாத முனை யார் கண்ணிலும் படாது. சோதனைத் தரவில் சொல் ஒரே முறை வந்தால் பிழை வெளியே தெரியவும் தெரியாது.

ஜாவாஸ்கிரிப்டில் எல்லா இடத்தையும் மாற்றும் ரீப்ளேஸ்ஆல் போட்டாலும் வேலை முடியவில்லை. பதிலுக்கு வைக்கும் சரத்தில் "$$" இருந்தால் "$" ஆகிவிடும்; "$&" இருந்தால் தேடிய சொல்லே அங்கே வந்து உட்காரும். சரத்துக்குப் பதிலாக, அதைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

தேடும் பெட்டி காலியாக இருந்தால் ரீப்ளேஸ்ஆல் ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் செருகும்; பைத்தானும் அப்படித்தான். சி ஷார்ப் பிழை எறியும். பிளாக்கை இழுத்துப் போட்ட நொடியில் பெட்டி காலியாகத்தான் இருக்கும், ஆகவே உரையை மாற்றாமல் திருப்பிக் கொடுப்பதே சரி.

பதில் 2
பெயர் பற்றி. ‘மாற்று’ மட்டும் போதவே போதாது. எண்ணை உரையாக மாற்றுவதும் ‘மாற்று’, மாறியின் மதிப்பை மாற்றுவதும் ‘மாற்று’, பட்டியலில் 2ஆம் உருப்படியை மாற்றுவதும் ‘மாற்று’. தேடல் பெட்டியில் தட்டினால் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பிளாக்கே வாக்கியமாகப் படிக்கட்டும்: [உரை] இல் உள்ள எல்லா [இது] ஐயும் [அது] ஆக மாற்று. ‘எல்லா’ என்ற சொல் கண்முன்னே இருந்தால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனை (நேரடிச் சொல்லாக இல்லாமல், வடிவத்தைக் கொண்டு தேடும் முறை) தனி பிளாக்காக வையுங்கள். ஜாவாவில் ரீப்ளேஸ், ரீப்ளேஸ்ஆல் இரண்டுமே எல்லா இடங்களையும் மாற்றும். வேறுபாடு, இரண்டாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எடுப்பது. பெயர் அதைச் சொல்வதில்லை. அதில் புள்ளி என்றால் ‘எந்த எழுத்தும்’ என்று பொருள்; "3.5" என்பதில் புள்ளியை நீக்க அதை அழைத்தால் மிஞ்சுவது வெற்று உரை.

பதில் 3
தமிழ் உரை வரும் என்றால் இன்னும் இரண்டு. ‘கொ’ இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக மூன்றாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. இரு பக்கத்தையும் என்எஃப்சி (யூனிகோடின் ஒரே சீரான சேர்ப்பு) வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். அடுத்து, ‘க’வை ‘ப’ ஆக்கச் சொன்னால் ‘கால்’ ‘பால்’ ஆகிவிடும், ஏனென்றால் ‘கா’வுக்குள் ‘க’ தனிக் குறியீடு. ‘முழு எழுத்து மட்டும்’ என்றொரு தேர்வுப்பெட்டி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
வாக்கிய வடிவையே எடுத்துக்கொள்கிறேன். பல சொற்களை மாற்ற பிளாக்குகளை அடுத்தடுத்துக் கோத்தால் போதுமா?

பதில் 1
இடமாற்றத்துக்குப் போதாது. ‘இடது’ → ‘வலது’, பிறகு ‘வலது’ → ‘இடது’ என்று கோத்தால் கடைசியில் எல்லாமே ‘இடது’தான். அகராதி (‘எது → எதுவாக’ என்ற ஜோடிகளின் தொகுப்பு) எடுக்கும் பிளாக் தனியாக வேண்டும். உரையை ஒரே முறை கடந்து, மாற்றிய பகுதியை மறுபடி தொடக்கூடாது. நீளமான சொல் முதலில். இல்லையென்றால் ‘1’ → ‘ஒன்று’ முந்திக்கொண்டு, "10" என்பது "ஒன்று0" ஆகும். ஆப் இன்வென்ட்டரின் அகராதி மாற்று பிளாக்கில் இந்த வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.