டையோடு கூடுதலாகக் காட்டும் 3 விழுக்காடு

கேள்வி: டர்பன், பயிற்சியாளர்
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியல் பயின்று வருகிறேன். 6 எம்.வி. (மெகாவோல்ட்) எக்ஸ் கதிரில் 2 கிரே (உடல் உறிஞ்சும் கதிரளவின் அலகு) கொடுக்கும்போது, நோயாளியின் தோலில் சிலிக்கான் டையோடு என்னும் சிறு கதிர் உணரியை ஒட்டி நுழைவுக் கதிரளவைச் சரிபார்க்கிறோம். ஒட்டியவுடன் கதிரைச் செலுத்தினால் அளவு கணக்கோடு ஒத்துப்போகிறது; படமெடுத்துப் படுக்கையைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகிவிட்டால், அதே நோயாளிக்கு 3 விழுக்காடு வரை கூடிவிடுகிறது. அயனிக்கலம் என்னும் கதிரளவுக் கருவியால் அளந்த இயந்திர வெளியீட்டில் குறையில்லை. மானிட்டர் யூனிட்டை, அதாவது இயந்திரம் செலுத்த வேண்டிய கதிரின் அளவைக் குறிக்கும் எண்ணை, குறைக்கலாமா என்று ஒருவர் கேட்டதிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை.

பதில்: கேப்டவுன், மருத்துவ இயற்பியலாளர்
தம்பி, மானிட்டர் யூனிட்டில் கை வைக்க விடாதீர்கள். நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய கதிரளவு குறைந்துபோகும். நீங்கள் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில்தான் காரணம் இருக்கிறது. குளிரூட்டிய அறையில் 22 பாகை செல்சியஸில் அளவுத்திருத்தம் செய்த டையோடு, தோலில் ஒட்டியபின் மெல்ல 32 பாகையை நெருங்குகிறது. கழற்றும்போது அதன் மூடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். கதிர் உண்டாக்கும் மின்னூட்டங்களில் ஒரு பகுதி படிகக் குறைகளில் சிக்கி மறைகிறது. சூடு ஏற ஏற இந்த இழப்பு குறைவதால், அதே கதிரளவுக்குக் கூடுதல் மின்னூட்டம் வந்து சேர்கிறது. பாகைக்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. ஆனாலும் இந்த எண் டையோடுக்கு டையோடு மாறும் என்பதால், உங்களுடையதை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்றவர்
அக்கா சொன்னதே சரி. இருந்தாலும் ஒரே சாட்சியோடு நிறுத்த வேண்டாம். டையோடின் அருகில், அதே அளவு மூடுபொருளுக்கு அடியில், லித்தியம் ஃபுளோரைடு டி.எல்.டி. சில்லு (வாங்கிய கதிரளவைச் சேமித்து வைத்து, பிறகு சூடாக்கும்போது ஒளியாக வெளியிடுவது) ஒன்றையும் வையுங்கள். தோலின் சூடு அதன் அளவீட்டைப் பெரிதாக மாற்றாது. அதன் பயனுறு அணு எண் (சேர்மத்துக்குச் சராசரிபோலக் கணக்கிடும் அணு எண்) 8.2, தண்ணீரின் 7.4-க்கு அருகில் இருப்பதால், அணு எண் 14 கொண்ட சிலிக்கானைப் போலத் தாழ்ந்த ஆற்றல் சிதறலை அவ்வளவு மிகைப்படுத்தாது. விடைக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிரமம். பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார அமைப்பும் 1969 முதல் பல பத்தாண்டுகள் அஞ்சலில் அனுப்பி மருத்துவமனைகளின் வெளியீட்டைச் சரிபார்த்தது இதே பொருளின் தூளைக் கொண்டுதான்.

மறுமொழி: டர்பன், பயிற்சியாளர்
அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை சிகிச்சைகள் முடிந்தபின், தண்ணீர் நிரப்பிய மெல்லிய பைமீது டையோடை வைத்து, தூரத்தை மாற்றாமல், முதலில் 22 பாகையிலும் பிறகு 32 பாகையிலும் 100 மானிட்டர் யூனிட் செலுத்தினேன். இரண்டாவது அளவு 2.7 விழுக்காடு கூடியிருந்தது. மானிட்டர் யூனிட்டை மாற்றுவதில்லை என்று மூத்தவரும் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டார். சில்லுகளை நாளை படிக்கிறேன்.