அட்டவணையை ஒப்பித்த பிறகும் ‘டிட் நாட் வாக்ட்’ என்றே எழுதுவது ஏன்?

கேள்வி

வணக்கம். தமிழ்வழியில் படித்த நான், ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்க முயன்று வருகிறேன். ‘வாக்’, ‘குக்’, ‘கிளீன்’ என்று, இறுதியில் ‘ஈ-டி’ சேர்த்தாலே இறந்தகாலம் ஆகிவிடும் எளிய வினைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட வினைக்கால அட்டவணையை இருவருமாக மனப்பாடம் செய்தோம். அட்டவணையைத் தடங்கலின்றி ஒப்பிக்கிற அவள், சொந்தமாக வாக்கியம் எழுதும்போது மட்டும் ‘ஷி டிட் நாட் வாக்ட்’ என்றும் ‘ஷி வாக்’ என்றும் எழுதுகிறாள். உண்மையைச் சொன்னால், அலுவலகக் கடிதங்களில் நானும் அதே பிழைகளைச் செய்பவள்தான். எங்கே தவறுகிறோம்? மேலும், ‘ஈ-டி’யை ‘எட்’ என்று ஒலிப்பதா, ‘ட்’ என்று ஒலிப்பதா என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கிறது.

முதல் மறுமொழி

அம்மா, அந்த அட்டவணையைச் சில நாள்களுக்கு மூடி வைத்துவிடுங்கள். ஒழுங்கான ஆங்கில வினைக்கு இருப்பவை வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட் என்ற நான்கே வடிவங்கள். பன்னிரண்டு கட்டங்களும் இந்த நான்கோடு ‘பி’, ‘ஹேவ்’, ‘வில்’ ஆகிய துணைவினைகள் சேர்வதால் உண்டாகின்றன. நடந்தான், நடந்தாள், நடந்தது, நடந்தேன் என்று ஒவ்வொருவருக்கும் விகுதியை மாற்றும் நமக்கு, எல்லோருக்கும் ‘வாக்ட்’ என்ற ஒரே சொல் போதும் என்பது பெரிய சலுகைதான். நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்ற படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் ‘எஸ்’ சேர வேண்டும்; ‘ஷி வாக்’ என்பதில் விடுபட்டது அதுதான்.

‘டிட் நாட் வாக்ட்’ பிழைக்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. ‘நடக்கவில்லை’ என்கிறோமே தவிர, ‘நடந்தவில்லை’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: காலத்தைக் காட்டும் பொறுப்பை ‘டிட்’ ஏற்றுக்கொண்டதால், பின்னால் வரும் வினை வெறும் ‘வாக்’ ஆகவே நிற்கிறது. ‘ஷி டஸ் நாட் வாக்’ என்பதில் ‘எஸ்’ இடம்மாறி ‘டஸ்’ என்பதற்குள் போய்விட்டதைக் காட்டுங்கள். கூட்டுவினை எத்தனை நீளமாக இருந்தாலும் காலம் காட்டுவது அதன் முதல் உறுப்பு மட்டுமே.

அடுத்ததாக, நம்முடைய ‘இரு’ என்ற துணைவினையை ‘ஹேவ்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்திருக்கிறாள் என்றால் ‘ஹேஸ் வாக்ட்’, நடந்திருந்தாள் என்றால் ‘ஹேட் வாக்ட்’, நடந்திருப்பாள் என்றால் ‘வில் ஹேவ் வாக்ட்’. ‘நடந்து’ என்ற எச்சம் மாறாமல் நிற்பதுபோலவே ‘வாக்ட்’ மாறாமல் நிற்கிறது.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன ஒப்புமை அழகானது. ஆனால் அதை முழுவதுமாக நம்பினால் மூன்று இடங்களில் சறுக்கும். பல ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்பு நடத்துபவன் என்ற முறையில், நம் மாணவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் விழுகிறது என்று சொல்வேன்.

‘அவர் நேற்றே வந்திருக்கிறார்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஹேஸ்’ வரக் கூடாது. முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் இருந்தால் ‘ஐ வாக்ட் யெஸ்டர்டே’ என்று எளிய இறந்தகாலத்தையே எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறானது அடுத்தது. ‘2015 முதல் இங்கே வசிக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அப்படியே பெயர்த்து ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று எழுதிவிடுகிறோம். முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஹேவ் லிவ்ட்’ அல்லது ‘ஹேவ் பீன் லிவிங்’ என்பதைக் கேட்கிறது. ‘சின்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘ஹேவ்’ எங்கே என்று தேடும் பழக்கத்தை மகளுக்கு உண்டாக்குங்கள்.

மூன்றாவது, வழக்கமாகச் செய்வதைப் பற்றியது. ‘தினமும் காலையில் நடப்பேன்’ என்று எதிர்கால வடிவத்தால் வழக்கத்தைச் சொல்வது தமிழின் இயல்பு. அதனால்தான் ‘டெய்லி ஐ வில் வாக்’ என்று நம் வாயில் வருகிறது. கேட்பவருக்கோ அது இனிமேல் நடக்கப்போவதாக எடுத்துக்கொண்ட உறுதிமொழிபோல ஒலிக்கும். அன்றாட வழக்கத்துக்கு வெறும் ‘ஐ வாக்’ போதும்.

மூன்றாம் மறுமொழி

உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ‘வாக்கெட்’, ‘குக்கெட்’ என்று நம் வகுப்பறைகளில் பலகாலமாக ஒலித்து வருவது பிழை. வினையின் கடைசி ஒலி ‘ட்’ அல்லது அதன் மென்மையான இணையாக இருந்தால் மட்டுமே ஓர் அசை கூடும்: வாண்ட்–வாண்டட், நீட்–நீடட். மற்றவற்றில் அசை கூடாது. தொண்டையில் விரலை வைத்துக் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். வாக், ஹெல்ப், வாஷ் போல அதிர்வு இல்லாதவற்றில் ‘பட்டு’ என்பதில் கேட்கும் வல்லொலி சேரும். கிளீன், கால், பிளே போல அதிர்வு உள்ளவற்றில் ‘வண்டி’ என்பதில் கேட்கும் மெல்லொலி சேரும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ட்’ இருப்பதால்தான் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் இதைத் தனி அசையாகவே ஒலித்தார்கள். கற்றறிந்தவர் என்ற பொருளில் வரும் ‘லேர்னட்’ என்ற பெயரடையில் அந்தப் பழைய ஒலி இன்னும் எஞ்சியிருக்கிறது.

எழுத்துக்கூட்டலில், ‘ஈ-டி’ சேரும்போது ‘ஸ்டாப்’ என்பதன் கடைசி எழுத்தான ‘பி’ இரட்டிக்கும். அழுத்தம் முதல் அசையில் விழும் விசிட், ஓபன் ஆகியவை இரட்டிப்பதில்லை. கடைசி அசையில் விழும் பிரிஃபர், அட்மிட் இரட்டிக்கும். ‘டிராவல்’ போன்றவற்றில் பிரிட்டனில் இரண்டு ‘எல்’, அமெரிக்காவில் ஒன்று.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. ‘நடந்தவில்லை’ என்று சொல்லிக் காட்டியதும் மகள் சிரித்துவிட்டுத் தன் நோட்டில் நான்கு இடங்களைத் தானே திருத்தினாள். ‘டெய்லி ஐ வில் வாக்’ மட்டும் எனக்கே இன்னும் வாயில் வந்துகொண்டிருக்கிறது. இப்போது அவள், ‘கட்’ என்பதற்கு மட்டும் ஏன் ‘ஈ-டி’ சேரவில்லை என்று கேட்கிறாள். அதைத் தனிக் கேள்வியாகப் பதிவிடுகிறேன்.