கோப்புகளையும் அடைவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் செயலாக்குதல்: கலைச்சொல் தேவை

எழுதுபவர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர், வணக்கம்.

குறுநிரல் மொழிகளுக்கான தொடக்கநிலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். மற்ற இயல்கள் முடிந்துவிட்டன. கோப்புகளையும் அடைவுகளையும் (கோப்புறைகளையும்) லூப் வழியாக, அதாவது ஒரே கட்டளைகளை ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப இயக்கிச் செயலாக்குவது பற்றிய இயல் மட்டும் தலைப்பிலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் படியை ஒப்படைத்தாக வேண்டும்.

வரைவில் மூவர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 'கோப்புகளைச் சுழற்றுதல்' என்கிறார். படத்தைச் சுழற்றுதல் என்பது வேறு செயல். பதிவுக் கோப்புகள் பெருகும்போது பழையதை ஒதுக்கிப் புதியதைத் தொடங்குவதையும் சுழற்சி என்றே அழைத்து வருகிறோம். ஆகவே அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. இன்னொருவர் 'அடைவுகளை ஊடுருவுதல்' என்று எழுதியிருக்கிறார்; பாதுகாப்பு பற்றிய இயலில் அது அத்துமீறி நுழைவதைக் குறிக்கிறது. மூன்றாமவர் 'கோப்பு மடக்கு' என்கிறார். இதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் வினையாக எழுதும்போது 'கோப்பை மடக்கு' என்றாகி, தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறது.

பெயராகவும் வினையாகவும் எச்சமாகவும் வளைந்து கொடுக்கும் சொல்லாக இருந்தால் உதவியாக இருக்கும்.

எழுதுபவர்: நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியை

வணக்கம். பொருளைப் பிரித்துக்கொள்ளாமல் சொல்லைத் தேடுவதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். அந்த இயலில் இருப்பது ஒரு செயல் அன்று, இரண்டு.

முதலாவது, ஓர் அடைவில் நேரடியாக உள்ளவற்றை மட்டும் ஒவ்வொன்றாக எடுப்பது. பாஷ் மொழியில் ஃபார் கட்டளையுடன், எல்லாப் பெயர்களையும் குறிக்கும் உடுக்குறியை (*) இட்டால் நடப்பது இதுதான். அங்கே பெயர்ப்பட்டியல் முழுவதும் முதலிலேயே விரிக்கப்பட்டுவிடுகிறது. அதன் பிறகே முதல் சுற்று தொடங்குகிறது. நடுவே புதிய கோப்பு ஒன்று வந்து சேர்ந்தால் அந்தச் சுற்றுகளுக்கு அது தெரியாது. புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் இயல்பு நிலையில் பட்டியலில் வாரா.

இரண்டாவது, அடைவுக்குள் அடைவு, அதற்குள் அடைவு என்று அடிவரை இறங்குவது. பைத்தானின் ஓஎஸ் வாக் (os.walk) செயற்கூறு, யூனிக்ஸின் ஃபைண்டு (find) கட்டளை ஆகியவை இவ்வகை. இங்கே முன்கூட்டியே வகுத்த முழுப்பட்டியல் என்று ஒன்று இல்லை. போகப் போகத்தான் வழி தெரிகிறது.

இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவர் என்ன செய்வார் என்பதை வகுப்பில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் வகையைக் கற்றவர், உள்ளடைவுகளில் இருக்கும் கோப்புகளும் மாறிவிட்டன என்று நம்பிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டாம் வகையைக் கற்றவர், ஒரே அடைவைத் துடைக்க எண்ணி அதன் கீழுள்ள அனைத்தையும் அழித்துவிடுகிறார். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்.

முதலாவதற்கு 'மடக்கு' போதும். மேல்நிலைப் பள்ளிக் கணினிப் பாடநூலில் அச்சொல் வழங்குவதால் புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு ஆலோசனை கேட்கிறேன்.

எழுதுபவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அன்பர்களே,

மடக்கு என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் சற்றே தயங்கி ஏற்பதைக் கண்டு இதை எழுதுகிறேன். அது தயங்கி ஏற்க வேண்டிய சொல் அன்று. சொல்லணிகளுள் மடக்கு என்பது, வந்த எழுத்துத் தொகுதியே மீண்டும் வந்து, வரும்தோறும் வேறு பொருள் தருவது. நிரலில் நடப்பதும் அதுவே அல்லவா? எழுதிய வரிகள் மாறுவதில்லை. மாறியில் வந்து அமரும் கோப்பு மட்டும் சுற்றுக்குச் சுற்று வேறாகிறது. பொருள் மாறாமல் வெறுமனே திரும்ப வந்தால் அது மடக்கு ஆகாது. இடையிட்டு வருவது, இடையிடாது வருவது என்று அதற்கு வகைகளும் உண்டு. சில கோப்புகளைத் தாண்டிச் செல்லும் மடக்கை 'இடையிட்ட மடக்கு' என்று அழைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

அடிவரை இறங்கும் செயலுக்கு 'அடைவுலா' என்ற சொல்லை முன்வைக்கிறேன். உலா என்னும் சிற்றிலக்கியத்தில் தலைவன் வீதிகளில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் வரிசையாகக் காட்டப்படுகிறார்கள். வரிசை உண்டு, ஒரு பருவமும் விடுபடுவதில்லை, ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே ஒரு நிகழ்ச்சி உண்டு. அடைவுகளில் செல்லும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி நம் இலக்கியத்தில் இல்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓர் அடைவுக்குள் இருக்கும் குறியீட்டு இணைப்பு (வேறோர் இடத்தைச் சுட்டும் சிறு கோப்பு), மேலே உள்ள தாயடைவையே சுட்டினால் பயணம் முடிவின்றித் தொடரும் என்று படித்தேன். அந்தாதியில் கடைசிப் பாடலின் இறுதி முதற்பாடலின் தொடக்கத்தோடு சென்று சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். அந்தச் சொல் இந்தப் பிழைக்கென்றே காத்திருக்கிறது. 'அடைவுலா மண்டலித்தது' என்று கணினி பிழைச்செய்தி காட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எழுதுபவர்: மென்பொருள் பொறியாளர்

ஐயாவின் மடலை மகிழ்ச்சியோடு படித்தேன், ஆனாலும் மாறுபடுகிறேன்.

'உலாவி' என்பது இணையப் பக்கங்களைப் பார்க்கும் மென்பொருளுக்கு நிலைபெற்றுவிட்டது. 'கோப்பு உலாவி' என்றால் கோப்புகளைச் சாளரத்தில் திறந்து பார்க்கும் செயலி. இந்நிலையில் அடைவுலா என்று படிப்பவர், சுட்டியை வைத்துக்கொண்டு கோப்புறைகளைத் திறந்து மூடுவதாகத்தான் புரிந்துகொள்வார். மடக்கிலும் சிக்கல் உண்டு. 'மடக்கை' கணிதத்தில் இருக்கிறது, பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கும் செயலுக்கும் 'மடித்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள்.

என் கருத்து, லூப் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதே. நிரலில் எழுதும் திறவுச்சொல் எப்படியும் ஃபார்தான். ஆங்கிலச் சொற்களும் ஆராய்ந்து வைத்தவை அல்ல. உடுக்குறியை விரிப்பதற்குக் குளோப் என்ற பெயர் எப்படி வந்தது? தொடக்க கால யூனிக்ஸில் அந்த வேலையைச் செய்ய அதே பெயரில் தனி நிரல் ஒன்று இருந்தது. குளோபல் என்பதன் குறுக்கம் அது. நிரல் மறைந்துவிட்டது, பெயர் தங்கிவிட்டது. இன்று அதை எழுதும் யாரும் வேர்ச்சொல்லை நினைப்பதில்லை.

எழுதுபவர்: தனித்தமிழ் ஆர்வலர்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடன் விளங்காது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். அதற்காகக் கடன் வாங்கலாம் என்று அவர் சொல்லவில்லை. வடசொல்லைக்கூட வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தச் செய்த பின்னரே ஏற்கச் சொன்னார். லூப் என்று எழுதினால் அந்த விதிக்கும் இடமில்லை. லகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது என்பதால் 'உலூப்பு' என்று எழுத வேண்டிவரும், அதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்.

அடைவு என்ற சொல்லிலும் ஒரு குறிப்பைத் தவறவிட்டிருக்கிறோம். அடைவு என்பதற்கு முறை, ஒழுங்கு என்ற பொருள் உண்டு. 'அடைவே' என்றால் முறையே, வரிசையாக. அப்படியானால் நாம் தேடும் சொல் கையிலேயே இருக்கிறது. 'கோப்புகளை அடைவே செயலாக்கு' என்று எழுதுங்கள். வரிசையும் வந்துவிட்டது, அடைவும் வந்துவிட்டது.

எழுதுபவர்: நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியை

'அடைவே' அழகான சொல்தான். ஆனால் அச்சில் அதைப் பார்க்கும் மாணவர் நூற்றுக்கு நூறு பேரும் ஏகாரத்தைப் பிரிநிலையாகக் கொண்டு, 'அடைவு மட்டுமே' என்று படிப்பார்கள். அதோடு அது வரிசையை உறுதியளிக்கிறது, கணினி அளிப்பதில்லை. பாஷ் உடுக்குறியை அகரவரிசையில் விரிக்கும் என்பது உண்மை. ஓஎஸ் வாக் தரும் பெயர்களுக்கு அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. கோப்பு முறைமை எப்படிக் கொடுக்கிறதோ அப்படியே வரும். சொல்லுக்குள் பொய்யான ஒரு வாக்குறுதியைப் பொதிந்து வைக்க வேண்டாம்.

உண்மையில் கற்பிக்க வேண்டிய வரிசை வேறொன்று. தாயடைவை முதலில் பார்த்துவிட்டுச் சேயடைவுகளுக்கு இறங்குவதா, சேயடைவுகளை முடித்துக்கொண்டு தாய்க்குத் திரும்புவதா என்பதே அது. ஓஎஸ் வாக் இயல்பாக முதல் முறையைப் பின்பற்றுகிறது; அதில் ஒரு வசதியும் உண்டு. கையில் கிடைக்கும் உள்ளடைவுப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கிவிட்டால் அந்தக் கிளைக்குள் அது இறங்காது. ஆனால் வெற்று அடைவைத்தான் நீக்க முடியும் என்பதால், அழிக்கும் வேலைக்கு இரண்டாம் முறையே வேண்டும். ஃபைண்டு கட்டளையில் அழிக்கும் விருப்பத்தேர்வை இட்டால் அது தானாகவே அடியிலிருந்து மேலே வரும் முறைக்கு மாறிக்கொள்வது இதனால்தான். 'மேலிருந்து', 'அடியிலிருந்து' என்ற அடைமொழிகளை ஏற்கக்கூடிய சொல்லாக நமக்கு வேண்டும்.

என் வகுப்பில் 'கிளையிறக்கம்' என்று சொல்லி வருகிறேன். அதற்கு முன் மரவமைப்பு பற்றிய பாடத்தில் 'மரக்கடத்தல்' என்று எழுதிப் பார்த்தேன்; அது எந்தக் குற்றப்பிரிவில் வரும் என்று மாணவர்கள் கேட்டதால் கைவிட்டேன்.

மண்டலித்தல் பற்றி ஐயா சொன்னதை மனமார ஏற்கிறேன். ஆனால் ஓஎஸ் வாக் இயல்பாகக் குறியீட்டு இணைப்புகளுக்குள் இறங்குவதில்லை. நாம் கேட்டுக்கொண்டால்தான் இறங்கும். ஆகவே அது எச்சரிக்கைப் பெட்டிக்குரிய சொல்.

எழுதுபவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

'கிளையிறக்கம்' தொகைச்சொல்லாக இருப்பதால் இரண்டு விதமாக விரியும். கிளைக்கண் இறங்குதல் என்று ஏழாம் வேற்றுமையாகவும் கொள்ளலாம், கிளையின் நீங்கி இறங்குதல் என்று ஐந்தாம் வேற்றுமையாகவும் கொள்ளலாம். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே சொல்லில் அடங்கினால் மாணவர் நிலை என்னாகும்?

உலாவிக்கும் உலாவுக்கும் வேர் ஒன்றே, மறுக்கவில்லை. ஆனால் உலாவுதல் மனம்போன போக்கில் செல்வது, உலா வகுத்த வீதியில் செல்வது. முதலிலேயே உலாவியைத் தவறான பொருளில் பயன்படுத்தியதற்கு அடைவுலாவைத் தண்டிப்பது முறையன்று.

எழுதுபவர்: மென்பொருள் பொறியாளர்

லூப்புக்கு இங்கே ஆதரவில்லை என்பது புரிகிறது. அப்படியானால் இரண்டாவது செயலுக்கு 'அடைவு நடை' என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் செயற்கூற்றுப் பெயரே வாக் என்பதுதான். நிரலில் அதைக் காணும் மாணவர், தமிழ் விளக்கத்தில் நடை என்று படித்தவுடன் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். 'மேலிருந்து நடை', 'அடியிலிருந்து நடை' என்று ஆசிரியை கேட்ட அடைமொழிகளும் ஒட்டுகின்றன. இலக்கிய அழகு குறைவு, பயன் கூடுதல்.

எழுதுபவர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் என்பதால் இதுவரை வந்த கருத்துகளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஓர் அடைவோடு நிற்கும் செயலுக்கு 'கோப்பு மடக்கு'. இதை வினையாக்க முயலாமல், தொடர்களில் 'ஒவ்வொரு கோப்புக்கும்' என்றே எழுதுகிறோம். அடிவரை இறங்குவதற்கு 'அடைவு நடை'. இதற்கு ஆசிரியையும் பொறியாளரும் தனிமடலில் எழுதிய இருவரும் இசைந்திருக்கிறார்கள். முழு மனத்தோடு இசைந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு சொல்லுக்கு இவ்வளவு பேர் இல்லை. 'மண்டலித்தல்' எச்சரிக்கைப் பெட்டியில் இடம்பெறுகிறது. அடைவுலா, கிளையிறக்கம் இரண்டும் சொல்லடைவில் மாற்றுச் சொற்களாக இருக்கும். 'அடைவே' சேர்க்கப்படவில்லை. பெட்டியில் வரும் தொடர் இது: 'முன்பே நடந்த அடைவுகளுக்குள் நிரல் மீண்டும் இறங்கினால் நடை மண்டலிக்கும்.'

எழுதுபவர்: தனித்தமிழ் ஆர்வலர்

'அடைவே' விலக்கப்பட்டதை ஏற்கவில்லை. வழக்கொழிந்த சொல்லை மீட்கக் கையேட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

எழுதுபவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நட என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை. 'அடைவை நட' என்று எழுத முடியாது; 'அடைவை நடத்து' என்றால் அதை நிர்வகிக்கச் சொல்வதாகிவிடும். தங்கள் எச்சரிக்கைப் பெட்டியையே பாருங்கள். 'முன்பே நடந்த அடைவுகள்' என்றால், நிகழ்ந்து முடிந்த அடைவுகள் என்றல்லவா பொருள்படுகிறது? அடைவுகள் நிகழ்வதில்லை. 'உலா வந்த அடைவுகள்' என்றிருந்தால் இந்த இடர் இல்லை.

எழுதுபவர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, உலா வந்தது அடைவுகளே என்றும் அதைப் படிக்கலாமே. 'முன்பே பார்த்து முடித்த அடைவுகள்' என்று திருத்திவிட்டேன். படி அச்சுக்குப் போய்விட்டது.