விட்டதைப் பிடிக்கப் போகிற தம்பிகள்: நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற பையன்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். சில பேருக்கு அது ஆன்லைன் சூதாட்டத்தில் ஞாயிறு காலையிலேயே தீர்ந்து, திங்கட்கிழமை அட்வான்ஸ் கேட்டு நிற்கிறார்கள்.

கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, இருக்கும் 19 வயதுத் தம்பி ஒருவன். அவன் இதில் சிக்கியிருப்பது எனக்குத் தெரிந்ததே அவன் கடன் வாங்கிய ஆப்காரர்களால்தான். அவன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அவன் போட்டோவைப் போட்டு ‘ஏமாற்றுக்காரன்’ என்று அனுப்பியதில் எனக்கும் ஒன்று வந்தது. தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்பாவுக்கும் போயிருக்குமாங்ணா?” என்றுதான் முதலில் கேட்டான். (பெயரில்லாமல் எழுதலாம் என்று அவனே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.)

ஐபிஎல் சமயத்தில் ரூமில் ஒருவன், பந்தயம் கட்டும் சைட்டுக்குள் நுழைய வாட்ஸ்அப்பில் ஐடி வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஜிபேயில் பணம் போட்டால் பாஸ்வேர்டு வந்துவிடும், வயதைக்கூடக் கேட்பதில்லை. 200 ரூபாய் வைத்து 1,800 எடுத்திருக்கிறான். “சின்ன வயசுல இருந்து மேட்ச் பாக்குறேங்ணா. எவன் எங்க அடிப்பான்னு எனக்குத் தெரியும். அதிர்ஷ்டம்னு நினைக்கவே இல்ல” என்றான்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. பெரியவர்கள் பேராசை என்று திட்டுகிறோம். அவனுக்கோ, ஒரு விஷயமாவது தனக்கு நன்றாகத் தெரியும் என்கிற பெருமை. பள்ளிக்கூடத்திலும் சரி, கம்பெனியிலும் சரி, யாரும் அவனைக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. தோற்றபோது பணத்தோடு அந்தப் பெருமையும் போயிற்று. விட்டதைப் பிடிக்க மறுபடி இறங்கினான். மேட்ச் இல்லாத ராத்திரிகளில், விமானம் ஏற ஏறத் தொகையும் ஏறுகிற ஆட்டம். அது மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓர் ஆட்டம் முடியச் சில நொடிகள் போதும், அதனால் விடிவதற்குள் ஒரு வாரச் சம்பளம் காலி.

2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று தமிழக அரசு விதி போட்டது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. இரண்டும் தேவையானவை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஐடி விற்கிறவன் எந்த விதிக்கும் கட்டுப்பட்டவன் இல்லை.

கடன் ஆப்காரர்களின் மிரட்டலுக்கு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அவன் அப்பாவிடம் நானே போனில் பேசினேன். “அடிச்சுக் கொன்னுருவேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சாப்பிட்டானா?” என்று கேட்டார். இப்போது சம்பளம் நேரே அம்மா கணக்குக்குப் போகிறது.

*

எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மதுரையில் இன்ஜினியரிங் படிக்கிறேன் அண்ணா. எங்கள் ஹாஸ்டலில் ஜெயித்த ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் ஸ்டேட்டஸில் வரும். தோற்றவன் வாயே திறக்க மாட்டான். அதனால் எல்லோரும் ஜெயிக்கிறார்கள், நமக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று ஒவ்வொருவனும் நினைக்கிறான். ஒரு நண்பன் கடனை அடைப்பதற்காகத் தன் பேங்க் அக்கவுண்ட்டையே ஐடி விற்கிறவனுக்குக் கொடுத்தான். யார் யாரோ பணம் அதில் வந்து போனது. இப்போது கணக்கு முடங்கிக் கிடக்கிறது. ஸ்காலர்ஷிப் பணமும் அதில்தான் இருக்கிறது.

*

என் மகன் பிளஸ் டூ. ராத்திரி போனும் கையுமாக இருக்கிறான். கேட்டால் கோபப்படுகிறான். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, தம்பி?

*

அக்கா, எவ்வளவு போச்சு என்று ஆரம்பிக்காதீர்கள். கணக்குக் கேட்டால் பொய்தான் வரும். “யாராவது மிரட்டுறாங்களா?” என்று கேளுங்கள், அந்தப் பயம்தான் அவர்களை அதிகமாக அழுத்துகிறது. அவன் சொல்லி முடிக்கும் வரை அவன் அப்பாவைக் குறுக்கே பேச விடாதீர்கள். பிறகும் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.