ஸ்டார் வார்ஸ் பழைய வடிவம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. மகனுக்கு ஸ்டார் வார்ஸ் காட்டலாம் என்று டிஸ்க்கைப் போட்டேன். மதுக்கடைக் காட்சியில் கடத்தல்கார நாயகன் ஹான் சோலோவும் அவனைப் பிடிக்க வந்த கூலி வேட்டைக்காரன் கிரீடோவும் ஏறக்குறைய ஒன்றாகச் சுடுகிறார்கள்! 1977ல் சுட்டது சோலோ மட்டும்தான். மேசைக்கு அடியில் துப்பாக்கியை மெல்ல உருவுவானே, அந்தத் திமிரே போய்விட்டது. 1997 மறுவெளியீட்டில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கிரீடோவை முதலில் சுடவைத்தார். அப்புறமும் அந்தக் காட்சியில் கைவைத்துக்கொண்டே இருந்தார். ஸ்பீல்பெர்க்கும் 2002ல் ஈ.டி. படத்தில் துப்பாக்கிகளை வாக்கி டாக்கியாக்கினார். சரி, அவராவது பிறகு வருந்திப் பழையதையே திரும்பக் கொடுத்தார்.

2006 டிவிடியில் பழைய வடிவம் கூடுதல் டிஸ்க்காக வந்தது. யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் இரவல் கிடைக்குமா? படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. இயக்குநர் தன் படத்தை மாற்றினால் என்ன என்பவர்களும் சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.