கனடா பிஆர்: பிள்ளைக்கு 22 நெருங்குகிறதா?

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் அவருடைய எக்ஸ்பிரஸ் என்ட்ரி காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேலைத் திறமையை வைத்துக் கனடா பிஆர், அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை, கேட்கும் ஆன்லைன் வழி அது. அவர் இங்கே வொர்க் பெர்மிட்டில் இருக்கிறார். மனைவி, பிள்ளைகள் கோவையில். "பிஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி இன்விடேஷன் வந்தாச்சு, 60 நாள் டைம் இருக்கு, மெதுவா போடலாம்" என்றார். மூத்த மகளின் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். அவளுடைய 22-வது பிறந்தநாளுக்கு 19 நாள்தான் இருந்தது.

பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வயது 22-க்குக் கீழே இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. எந்த நாளின் வயது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புரொஃபைல் போட்ட நாளும் இல்லை, இன்விடேஷன் வந்த நாளும் இல்லை. முழுமையான பிஆர் விண்ணப்பம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாள். மாகாண நியமனம், அதாவது ஒரு மாகாணமே தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் வழியாகப் போகிறவர்களுக்கு, மாகாணத்துக்கு விண்ணப்பித்த நாள். அன்றைக்கு வயது பூட்டப்பட்டுவிடும். அப்புறம் முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும் கவலை இல்லை. ஆனால் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தால், பூட்டும் போச்சு.

"அவ இன்னும் படிச்சிட்டுதானே இருக்கா, ஃபீஸ் நாமதானே கட்டறோம்" என்றார் நண்பர். நம் வீட்டுக் கணக்கில் அது சரி. கனடாவின் கணக்கில் படிப்புக்கு இப்போது இடமே இல்லை. முழுநேரம் படிக்கும் பிள்ளைக்கு 22-க்கு மேலும் இருந்த சலுகையை 2014 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். அப்போது வயதையும் 19-க்குக் கீழே என்று குறைத்தார்கள். 2017 அக்டோபரில் அது மட்டும் 22-க்குத் திரும்பியது. ஆக, சொந்தமாகச் சம்பாதிக்கும் 20 வயதுப் பையன் சார்ந்திருப்பவன். அப்பா காசில் படிக்கும் 23 வயதுப் பெண் இல்லை. உடல் அல்லது மன நிலையால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல், 22-க்கு முன்பிருந்தே பெற்றோரின் பணத்தில் வாழ்பவர்களுக்கு மட்டும் வயது வரம்பு கிடையாது.

வயதைப் போல மணநிலை பூட்டப்படுவதில்லை. நல்ல வரன் வந்தால் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். "ரிஜிஸ்டர் மட்டும் பண்ணி வைப்போம்" என்கிற வேலை மட்டும் பிஆர் கைக்கு வரும்வரை வேண்டாம்.

இன்னொன்று. ஊரிலேயே இருக்கப்போகிற பிள்ளையையும் படிவத்தில் எழுதுங்கள், மெடிக்கலும் எடுக்கச் சொல்லுங்கள். செலவை மிச்சம் பிடிக்க மறைத்தால், பிற்பாடு அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்யும் கதவு பெரும்பாலும் அடைந்துவிடும்.

நண்பர் வீட்டில் கடைசியில் மாட்டியது பிறப்புச் சான்றிதழ். அந்தக் காலத்தில் நம் ஊரில் கொடுத்தது போலவே, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மச்சான் பேரூராட்சி அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்து பெயரை ஏற்றி வாங்கினார். 18 தாண்டியவள் என்பதால் மகளுக்குத் தனியாகப் போலீஸ் சான்றிதழும் வேண்டியிருந்தது. 19 நாளில் 15 அதிலேயே கரைந்தது. நான்கு நாள் மீதி இருக்கும்போது ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பு பொத்தானை அழுத்தினோம்.